தேவையும் மிகையும்: வலப்பனைப் பாதைக்கு ஒரு துவிச்சக்கர வண்டி

மனிதன் பொருள்களைத் தெரிவு செய்கின்றான். தெரிவு செய்த பொருள்களின் வாயிலாகத் தன்னையும் வெளிப்படுத்துகின்றான். ‘சிறந்தது எது?’ என்னும் வினா கடைத்தெருவில் எழும்போது அது தரம் பற்றியதாகவும் விலை பற்றியதாகவும் மட்டுமே தோன்றுகின்றது. ஆயின் அவ்வினாவைச் சற்று ஊன்றி நோக்குமிடத்து எதற்குச் சிறந்தது, யாருக்குச் சிறந்தது, எவ்வளவு போதும் என்னும் மூன்று வினாக்கள் அதனுள் அடங்கியிருத்தலைக் காணலாம். முதலாவது பொருளறிவு சார்ந்தது. இரண்டாவது தன்னறிவு சார்ந்தது. மூன்றாவது அறம் சார்ந்தது. இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்து நிற்றலுக்கு எடுத்துக்காட்டாக, மலைநாட்டின் கலப்புப் பாதைகளில் ஓட்டுவதற்கென உயர்விலைத் துவிச்சக்கர வண்டியொன்றைத் தெரிவு செய்யும் செயலை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இத்துணைச் சிறிய செயலில் அறநெறிக்கு என்ன இடமுண்டு என ஐயுறுதல் கூடும். பெருந்தெரிவுகள் மனித வாழ்வில் அரிதாகவே வருகின்றன. சிறு தெரிவுகளோ நாள்தோறும் வருகின்றன. ஒருவனுடைய அறம் பெரும்பாலும் பின்னையவற்றிலேயே உருப்பெறுகின்றது.

‘கிரவல் பைக்’ என இன்று உலகெங்கும் வழங்கப்பெறும் வண்டி, பந்தய வண்டிக்கும் மலையேறும் வண்டிக்கும் இடைப்பட்டதாகும். பந்தய வண்டியைப் போலக் கீழ்நோக்கி வளைந்த கைபிடி அதற்கு உண்டு. ஆயின் அதன் டயர்கள் அகன்றவை. பந்தய வண்டியின் டயர் பெரும்பாலும் 25 முதல் 32 மில்லிமீற்றர் அகலமுடையதாக இருக்க, இவ்வகை வண்டியின் டயர் 38 முதல் 50 மில்லிமீற்றர் வரை அகன்றிருக்கும. அகன்ற டயரில் காற்றைக் குறைத்து வைக்கலாம். காற்றுக் குறைந்த டயர் கல்லின் மீது துள்ளாது, அதனைத் தழுவிச் செல்லும்; அதனால் பிடிப்பும் மிகும், உடலின் களைப்பும் குறையும். உள்ளே டியூப் இன்றி, சிறு துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும் திரவம் இடப்பட்ட டயர்களும் இன்று பெருவழக்காயின. சில்லின் விளிம்பைப் பற்றும் பழைய பிரேக்குக்கு மாறாக, சில்லின் நடுவேயுள்ள உலோகத் தட்டைப் பற்றும் பிரேக் இவற்றில் அமைந்துள்ளது. சட்டகம் உருக்கு, அலுமினியம், டைட்டேனியம், காபன் இழை ஆகியவற்றுள் ஒன்றினால் ஆகும். சில நூறு டொலரிலிருந்து பத்தாயிரம் டொலருக்கும் மேலாக இவற்றின் விலை விரிகின்றது.

இவ்வகை வண்டி எந்நிலத்தில் உருப்பெற்றது என்பதை அறிதல் இங்கு இன்றியமையாதது. ஐக்கிய அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து எம்போரியா நகரில் 2006ஆம் ஆண்டு 200 மைல் தூரப் பந்தயமொன்று தொடங்கப்பெற்றது. இன்று ‘அன்பவுண்ட்’ என்னும் பெயருடைய அப்பந்தயம் இவ்வண்டியின் வளர்ச்சிக்குப் பெருந்தூண்டுதலாக அமைந்தது. பின்னர் 2022இல் இத்தாலியின் வெனெற்றோ பகுதியில் முதலாவது உலகச் சாம்பியன் போட்டியும் நடந்தேறியது. எம்போரியாவைச் சூழ்ந்த நிலம் கூரிய சிக்கிமுக்கிக் கற்கள் நிறைந்த புல்வெளிக் குன்றுப் பரப்பாகும். அங்கே ஏற்றங்கள் பல. ஆயின் அவை குறுகியவை. ஓட்டுநர் எதிர்கொள்வது தூரத்தையும் காற்றையும் கற்களின் கூர்மையையுமே. ஆகவே அந்நிலத்துப் பந்தயத்தில் வெல்வதற்கென ஆக்கப்பட்ட மிகுவிலை வண்டி விரைவை நாடுவது. காற்றைக் கிழிக்கும் வடிவமும், விரைந்து செல்வதற்கேற்ற கியர்களும், முன்சாய்ந்து அமரும் இருக்கை நிலையும் உடையது.

வலப்பனையின் நிலமோ முற்றிலும் வேறானது. நுவரெலியா நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கந்தப்பளை, இராகலை வழியாக வலப்பனை நோக்கிச் செல்லும் ஒருவர், தேயிலை மலைகளின் உச்சியிலிருந்து வயற்படிகளும் சிங்களக் கிராமங்களும் நிறைந்த தாழ்பகுதிகளை நோக்கி இறங்குகின்றார். வடகிழக்கே நிலம் மகாவலி நீர்த்தேக்கங்களை நோக்கிச் சரிகின்றது. கொண்டை ஊசி வளைவுகளையுடைய தார் வீதி, அதிலிருந்து பிரியும் தோட்டத்துக் கல் வீதி, செங்குத்தான இடங்களில் இடப்பட்ட கொங்கிரீட் துண்டு, மழைக்காலத்தில் வழுக்கும் செம்மண் தடம், லயங்களுக்கு முன்னாற் செல்லும் ஒற்றையடிப் பாதை என ஐந்து வகை நிலங்களை ஒரு காலைப் பொழுதிலேயே அவர் கடக்க நேரிடும். கிழக்கு முகமாகச் சரிந்த இம்மலைகள் வடகிழக்குப் பருவமழையை நேரே ஏற்பவை. 2007 சனவரியில் வலப்பனைப் பகுதியில் நேர்ந்த மண்சரிவுகளும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையால் மலைநாடெங்கும் நேர்ந்த பேரழிவும் அங்கே பாதை என்பது நிலைத்த பொருளன்று என்பதை உணர்த்தின. ஓராண்டில் இருந்த வழி மறு ஆண்டில் இல்லாது போகலாம்.

இப்பாதைகளின் வரலாற்றில் இரு வேறு வடிவங்கள் காணப்படுகின்றன. ஒன்று கோப்பியையும் பின்னர் தேயிலையையும் வண்டியேற்றிச் செல்வதற்காக மலைச்சரிவைச் சுற்றிச் சுற்றி வகுக்கப்பட்ட வீதி. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக 1904இல் இராகலை வரை நீண்ட குறுகிய புகையிரதப் பாதையும் இவ்வகையினதே. 1940களில் அது கைவிடப்பட்டது. மற்றையது தொழிலாளர் காலாற் சமைத்த குறுக்குப் பாதை. லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் இடத்துக்கும் மிகக் குறுகிய வழியை நாடி அது நேரே ஏறி நேரே இறங்கும். சரக்குக்கு மென்மையான சாய்வு அளிக்கப்பட்டது; சரக்கைச் சுமந்தவர்க்குச் செங்குத்தான படியே எஞ்சியது. இன்று இன்பச் செலவாக வருகின்ற துவிச்சக்கர வண்டி முதலாவது வகைப் பாதையிலேயே ஓடுகின்றது. இவ்வேறுபாடு பின்னர் எழும் அறவினாவுக்கு அடிப்படையாகும்.

முதலில் பொருத்தம் பற்றிய வினாவை நோக்கலாம். ஒவ்வொரு பொருளுக்கும் அதற்குரிய செயலொன்று உண்டு என்பதும், அச்செயலைச் செவ்வனே செய்தலே அப்பொருளின் சிறப்பு என்பதும் அரிஸ்தோத்திலின் கருத்து. திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருத்தலும் இத்தொடர்பிற் கருதத்தக்கது. அவை அரசனின் வினைக்கு உரைக்கப்பட்டவை. எனினும் ஆற்றல் என்பது தனித்து நிற்பதன்று, காலத்தோடும் இடத்தோடும் பொருந்தும்போதே அது ஆற்றலாகின்றது என்னும் உண்மை எல்லா வினைக்கும் பொதுவாகும். இவ்வகையில் நோக்கின், கன்சாஸ் புல்வெளியில் முதலாவதாக வரும் வண்டி வலப்பனை ஏற்றத்தில் முதலாவதாக நிற்கும் என்பதற்கு எவ்வித நியாயமும் இல்லை.

வலப்பனைப் பாதை வேண்டுவன யாவை? முதலாவது, மிகத் தாழ்ந்த கியர். மிதிகட்டையோடு இணைந்த முன் பற்சக்கரத்தின் பற்கள் பின்னுள்ள பெரிய பற்சக்கரத்தின் பற்களிலும் குறைவாக இருத்தல் வேண்டும். அப்போதுதான் நூற்றுக்குப் பத்து என்னும் சாய்விலே நெடுநேரம் அமர்ந்தபடியே ஏற முடியும். இரண்டாவது, நீண்ட இறக்கத்திலும் நனைந்த நிலையிலும் தளராத பிரேக். மூன்றாவது, 45 மில்லிமீற்றருக்குக் குறையாத டயரும் அதற்கு இடந்தரும் சட்டகமும். சேறு ஒட்டும் நிலத்தில் டயருக்கும் சட்டகத்துக்கும் இடையே போதிய வெளி இல்லையெனிற் சில்லு சுழலாது. நான்காவது, ஓட்டுபவரின் உடலளவுக்குப் பொருந்திய இருக்கை நிலை. இந்நான்கினையும் தருகின்ற வண்டி விலைப் பட்டியலின் நடுப்பகுதியிலேயே கிடைத்துவிடுகின்றது. அதற்கு மேற் செல்லும்போது பெறுவது பெரும்பாலும் எடைக் குறைவேயாகும்.

அவ்வெடைக் குறைவின் பயனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓட்டுபவர் 65 கிலோ, பை 5 கிலோ, வண்டி 10 கிலோ எனக் கொண்டால் மொத்தம் 80 கிலோ ஆகின்றது. பெரும்பணம் செலவிட்டு வண்டியின் எடையை 2 கிலோ குறைத்தால் மொத்த எடை நூற்றுக்கு இரண்டரை வீதம் குறையும். செங்குத்தான ஏற்றத்தில் விரைவு ஏறக்குறைய எடையைப் பொறுத்ததாதலின், ஒரு மணி நேர ஏற்றத்தில் மிஞ்சுவது ஒன்றரை நிமிடமே. பந்தயக்காரனுக்கு ஒன்றரை நிமிடம் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது. அவனுக்கு அது தேவை. இராகலைச் சந்தியில் தேநீருக்காக அரை மணி நேரம் இறங்கி நிற்பவருக்கு அது தேவையன்று. ஒரே பொருள் ஒருவருக்குத் தேவையாகவும் மற்றொருவருக்கு மிகையாகவும் அமைதல் இவ்வாறே.

பொருத்தத்தின் இன்னொரு கூறு பழுது பார்த்தல் ஆகும். உருக்குச் சட்டகம் முறிந்தால் சிறு பட்டறையொன்றிலும் அதனை ஒட்டவைக்க முடியும். கம்பியினால் இயங்கும் பிரேக்கின் கம்பி அறுந்தால் சாதாரண சைக்கிள் கடையிலேயே மாற்றலாம். காபன் சட்டகத்தில் ஏற்படும் வெடிப்போ கண்ணுக்குப் புலப்படாமலே உள்ளிருக்கக் கூடியது. அதனைச் சீர்செய்வதற்கு அதற்கென்றே பயின்ற கைகள் வேண்டும். மின்கலத்தினால் கியர் மாற்றும் அமைப்பும், எண்ணெய் அழுத்தத்தினால் இயங்கும் பிரேக்கும் செம்மையாக இயங்குபவை என்பதில் ஐயமில்லை; ஆயின் அவை பழுதுறும்போது உரிமையாளரைக் கொழும்புக்கோ அதற்கும் அப்பாலோ அனுப்புகின்றன. ஒரு பொருள் தன்னை உடையவனை எவ்வளவு தூரத்திலுள்ளோர்க்குக் கடமைப்படுத்துகின்றது என்பதும் அதன் விலையின் ஒரு பகுதியே. அண்டையிலுள்ள கைவினைஞனால் திருத்தத்தக்க வண்டி அக்கைவினைஞனுக்கும் உரிமையாளனுக்கும் இடையே ஓர் உறவையும் ஏற்படுத்துகின்றது.

தமிழர் வாழ்விலேயே இவ்வுண்மைக்குச் சான்றுகள் உள. 1990இன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எரிபொருட்டடை நிலவிய ஆண்டுகளில் துவிச்சக்கர வண்டியே நோயாளரையும் விறகையும் மாணவரையும் சுமந்தது. மின்சாரம் இல்லாத வீடுகளில் அதன் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு இணைந்து ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினர். பெண்களுக்கென ஆக்கப்பட்ட வண்டி போதாதபோது அவர்கள் ஆண்களின் வண்டியை ஓட்டினர். நடுவேயுள்ள குறுக்குக் குழாயிற் குழந்தையை அமர்த்தலாம் என்பதற்காகவே அதனை விரும்பியோரும் இருந்தனர். 2022இல் இலங்கையில் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது அதுவரை சைக்கிளைக் கீழானதாகக் கருதிய பலர் அதனைத் தேடி அலைந்தனர்; அதன் விலையும் பன்மடங்கு ஏறியது. துவிச்சக்கர வண்டியில் செல்பவன் நடப்பவனிலும் மூன்று நான்கு மடங்கு விரைவாகவும் ஐந்திலொரு பங்கு ஆற்றலிலும் செல்கின்றான் என 1970களில் இவான் இலிச் எடுத்துக்காட்டினார். எளியோரின் கைக்கெட்டும் பொறி என்பதே அவர் அதனிற் கண்ட மாண்பு. இம்மூன்று சந்தர்ப்பங்களிலும் சிறந்த வண்டி என்பது தேவையை நிறைவேற்றிய வண்டியே. விலை உயர்ந்த வண்டி அன்று.

இனி அறம் பற்றிய வினாவுக்கு வரலாம். தோட்டத்து லயத்திலே பிறந்து, பல்கலைக்கழகம் புகுந்து பட்டம் பெற்று, உத்தியோகத்தில் அமர்ந்த ஓர் இளைஞனை எடுத்துக்கொள்ளலாம். தான் பிறந்த மலைப் பாதைகளிலே வண்டி ஓட்ட வேண்டும் என்பது அவனது நெடுநாள் ஆசை. பெற்றோர் சுமையோடு நடந்த பாதையிலே சுமையின்றிச் செல்ல வேண்டும் என அவன் விரும்புகின்றான். நல்ல கிரவல் வண்டியொன்றுக்கு 5,000 அமெரிக்க டொலர் என்றும், ஒரு டொலர் 300 ரூபா என்றும் கொண்டால், இறக்குமதி வரிகள் நீங்கலாகவே 15 இலட்சம் ரூபா ஆகின்றது. தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. 2025 நவம்பரிற் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், அரசு வழங்கும் 200 ரூபா வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து அதனை 1,750 ரூபாவாக்க முன்மொழிந்தது. அவ்வுயர்ந்த தொகையைக் கொண்டு கணக்கிட்டாலும் 15 இலட்சம் ரூபா என்பது 857 நாள் உழைப்பு. மாதத்துக்கு 25 நாள் வேலை கிடைத்து, அச்சம்பளத்திலிருந்து ஒரு சதமேனும் உண்ணாமலும் உடுக்காமலும் சேர்த்தால், ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் ஒரு பெண் தொழிலாளி அவ்வண்டியை வாங்கலாம். வண்டியின் எடையில் இரண்டு கிலோவைக் குறைப்பதற்குப் பெருந்தொகை செலவிடப்படும் அதே பாதையில் நாளொன்றுக்குப் பதினெட்டுக் கிலோ அளவிற் கொழுந்து பறித்துச் சுமக்க வேண்டியவளாக அவள் இருக்கின்றாள்.

இக்கணக்கு எழுப்பும் கேள்வியைத் தத்துவவாதி பீற்றர் சிங்கர் 1972இல் கூர்மையாக முன்வைத்தார். ஆழமற்ற குளமொன்றில் மூழ்கும் குழந்தையைக் காண்பவன் தன் உடை சேறாகும் என்று கருதி வாளாவிருத்தல் தவறென்பதை எவரும் ஏற்பர். அவ்வாறாயின் தூரத்தே துன்புறுவோரைக் காக்கக்கூடிய பணத்தை இன்பப் பொருளில் ஒருவன் செலவிடுதல் எவ்வாறு சரியாகும் என்பது அவர் வினா. கிழக்கு வங்காளத்தில் மக்கள் பட்டினியால் வாடிய 1971ஆம் ஆண்டை முன்னிறுத்தி அவ்வினா எழுந்தது. மேற்கூறிய இளைஞனுக்கோ துன்பம் தூரத்தில் இல்லை. அவனுடைய சில்லு உருளும் வழியின் இரு மருங்கிலும் இருக்கின்றது. ஆகவே அவ்வினா அவனுக்கு இன்னும் கடினமாகின்றது.

இதற்கு இருவகை விடைகள் கூறப்படுவதுண்டு. உழைத்துச் சம்பாதித்த பணம் அவனுடையது, அதை எவ்வாறு செலவிடுதல் என்பது அவன் உரிமை என்பது ஒன்று. இவ்விடை சட்டத்துக்குப் போதுமானது; அறத்துக்குப் போதாது. அவனது கல்வி அவன் ஒருவனின் உழைப்பால் மட்டும் விளைந்ததன்று. விடியுமுன் பெரட்டுக்கு நின்ற தாயும், வேலைக்குச் சென்று அவனைப் படிக்கவிட்ட உடன்பிறந்தோரும், வரி செலுத்திய நாட்டு மக்களும் அதிற் பங்குடையர். உரிமை என்னும் சொல் இக்கடனைத் தீர்ப்பதில்லை.

துன்பம் உள்ளவரை இன்பப் பொருள் யாவும் குற்றம் என்பது மற்றொரு விடை. இது உயர்ந்ததாகத் தோன்றினும் இதிலும் குறையுண்டு. இவ்விடையை முற்றாக ஏற்போமாயின் இசையும் நூலும் விழாவும் கூடக் குற்றமாகிவிடும். அன்றியும், தலைமுறை தலைமுறையாக ஓய்வும் இன்பமும் மறுக்கப்பட்ட சமூகத்திலிருந்து முதன்முதலாக எழுந்து வரும் ஒருவனை நோக்கி ‘உனக்கு இன்பம் தகாது’ எனக் கூறுவது அம்மறுப்பையே மீண்டும் நீட்டிப்பதாகும். மலைகளின் அழகைக் காண்பதற்கு வெளிநாட்டார் வரலாம். ஹந்தானையிற் தொடங்கி நுவரெலியா வரை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கும் மேல் நீளும் ‘பீக்கோ’ நடைவழியிலே அவர்கள் நடக்கலாம். அம்மலையிற் பிறந்தவன் மட்டும் அதனைத் துயரத்தின் கண்ணாலேயே காண வேண்டும் என்பது எவ்வகை நீதி? தாய் சுமையோடு சென்ற பாதையில் மகன் மகிழ்ச்சியோடு செல்லுதல் தாய்க்குச் செய்யும் துரோகம் அன்று. அவள் சுமந்ததன் நோக்கங்களுள் அதுவும் ஒன்றாக இருந்திருத்தல் கூடும்.

எனவே விடை இவ்விரண்டுக்கும் இடையிலே தேடப்பட வேண்டும். தேவைக்கும் மிகைக்கும் இடையிலான எல்லை இங்குத் துணைபுரிகின்றது. இன்பமும் ஒரு தேவையே என ஏற்றுக்கொண்டால், அவ்வின்பத்தை முழுமையாகத் தரும் வண்டி எது என்னும் வினாவுக்குப் பாதையும் உடலும் விடை கூறிவிடுகின்றன. அதற்கு மேல் செலுத்தப்படும் பணம் இன்பத்தை மிகுவிப்பதில்லை. பிறர் பார்வையில் உயர்வை மட்டுமே வாங்குகின்றது. இத்தகைய செலவை 1899இல் தோர்ஸ்ரீன் வெப்லன் பகட்டு நுகர்வு என இனங்கண்டார். உயர்விலைப் பொருளின் பயன் பல வேளைகளில் அதன் விலையேயாம். முன்னர் கணக்கிட்ட ஒன்றரை நிமிடத்துக்காக மேலதிகமாகக் கொடுக்கப்படும் ஐந்தாறு இலட்சம் ரூபா, தோட்டத்துப் பாடசாலையிற் படிக்கும் பிள்ளையொன்றின் உயர்கல்விச் செலவாக அமையலாம். சிங்கரின் வினாவுக்கு முழு வண்டியும் இலக்காகாது போகலாம். ஆயின் அம்மிகைப் பகுதி அவ்வினாவிலிருந்து தப்ப இயலாது.

ஆயினும் எல்லையை வகுப்பவன் தானே என்பதால் இங்கு ஓர் இடர் உண்டு. ஆசை தன் மிகையைத் தேவையெனப் பெயரிட்டு அழைப்பதில் வல்லது. விற்பனையாளரின் மொழியும் அதற்குத் துணைநிற்கும். ‘பாதுகாப்பு’, ‘நீடித்த உழைப்பு’ என்னும் சொற்கள் பல வேளைகளில் மிகைக்கு அணிவிக்கப்பட்ட ஆடைகளாகும். ஆகவே தெரிவு செய்பவன் தன்னைத்தானே சோதித்துக்கொள்ள ஒரு வழி வேண்டும். அவ்வண்டியை எவரும் காணாத இடத்தில், எவரும் அதன் விலையை அறியாதிருக்கையில், அதே விருப்பத்தோடு ஓட்டுவானா என்பது ஒரு சோதனை. அதன் விலையைத் தன் ஊரில், தன் தாயோடு மலைக்குச் சென்ற ஒருத்தி கேட்கும்போது மறைக்காமற் கூற முடியுமா என்பது மற்றொரு சோதனை. ‘எவ்வளவு தம்பி?’ என அவள் கேட்கும்போது தொகையைக் குறைத்துச் சொல்லத் தோன்றுமாயின், குறைத்துச் சொல்லப்பட்ட தொகைக்கும் உண்மைத் தொகைக்கும் உள்ள வேறுபாடே அவனது மனச்சான்று வகுத்த மிகை எனக் கொள்ளலாம்.

வண்டியை வாங்கியதோடு தெரிவு முடிவடைவதில்லை. அதனை எவ்வாறு ஓட்டுதல் என்பதும் தெரிவின் பகுதியே. கலப்புப் பாதை எனச் சைக்கிளோட்டிகள் பெருமையோடு கூறுவது பிறருக்குத் தொழிற்களம். சில இடங்களில் வீட்டு முற்றம். லயத்துக்கு முன்னாற் செல்லும் தடத்தில் பிள்ளைகள் விளையாடுகின்றனர், உடுப்புகள் காய்கின்றன, முதியோர் வெயில் காய்கின்றனர். அங்கே வண்டியை விட்டு இறங்கி நடத்தல் மரியாதை மட்டுமன்று, அவ்விடம் யாருடையது என்பதை ஒப்புக்கொள்ளும் செயலுமாகும். கூடையோடு ஏறி வருபவருக்கு வழிவிடுதலும், கேளாது படமெடுக்காதிருத்தலும், ஈரமண் தடத்தைச் சில்லால் கீறி மழைநீருக்கு வாய்க்காலாக்காதிருத்தலும் இவ்வகையினவே. திருக்குறளில் ஈகைக்கு முன்னதாக ஒப்புரவறிதல் என்னும் அதிகாரம் வைக்கப்பட்டிருத்தல் சிந்திக்கத்தக்கது. கொடுத்தல் என்னும் செயலுக்கு முன்னதாக, தான் வாழும் சமூகத்தோடு ஒத்து ஒழுகுதல் என்னும் அறிவு வேண்டப்படுகின்றது. மிகைப் பணத்தைப் பிறர்க்கு ஈந்துவிட்டு, பாதையிற் செல்வோரை ஒதுக்கி விரைபவன் ஈகையைச் செய்தவனாவான்; ஒப்புரவை அறிந்தவனாகான்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிபுகள் பெறப்படுகின்றன. சிறந்த வண்டி என ஒன்று தனியே இல்லை. பாதைக்கும் உடலுக்கும் பழுது பார்க்கும் கைக்கும் பொருந்திய வண்டியே உண்டு. வலப்பனையைப் பொறுத்தவரை அது தாழ்ந்த கியரும் அகன்ற டயரும் உறுதியான பிரேக்கும் ஊர்ப் பட்டறையிற் திருத்தத்தக்க சட்டகமும் உடையதாக இருக்கும். விலைப் பட்டியலின் உச்சியில் இருக்க வேண்டியதில்லை. அதனை வாங்கி மகிழ்தல் குற்றமன்று. அதற்கு மேற்பட்ட மிகை முற்றாகத் தனக்கே உரியது எனக் கருதுதல் மட்டுமே ஐயத்துக்குரியது. மேற்கூறிய இளைஞன் ஒரு நாள் அவ்வண்டியோடு தன் தோட்டத்துக்குத் திரும்புவானாயின், அவன் முதலில் ஏற வேண்டியது சுற்றிச் செல்லும் வண்டிப் பாதையாக இருக்கத் தேவையில்லை. வண்டியைக் கொழுந்து நிறுக்கும் இடத்திற் சாத்தி வைத்துவிட்டு, தாய் நடந்த குறுக்குப் பாதையிலே ஒரு முறை கால்நடையாக ஏறிப் பார்க்கலாம். தனக்கு எவ்வளவு போதும் என்னும் வினாவுக்கு அவ்வேற்றத்தில் அவனுக்குக் கிடைக்கும் விடை கடைகளில் கிடைக்கும் விடையிலும் நம்பத்தக்கதாக இருக்கும்.